ஒரு முயல் அளவு

ஒரு காட்டில் கோமளவல்லி என்ற கரடி ஆன்லைனில் கடை நடத்திவந்தது. முதலில் பாறை இடுக்கில்தான் கடை போட்டிருந்தது. வந்த வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் சாப்பிட்டுவிட்டு, எதுவும் வாங்காமல் போய்க்கொண்டிருந்ததால், அதே இடுக்கில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆன்லைனுக்கு மாறியது.

கடையில் இல்லாத பொருள் இல்லை. இருக்கிற பொருளைக் கண்டுபிடிக்கத்தான் யாராலும் முடியவில்லை. தேடுவதற்கு மேலே ஒரு பெட்டி மட்டும் இருந்தது. வால் வலிக்குத் தைலம் வாங்க வந்த குரங்கு அதில் 'வால்' என்று தட்டியது. வால்மிளகு வந்தது, வால்நட் வந்தது, வால்பேப்பர் வந்தது, தைலம் வரவில்லை. ஆமை மழைக்கோட்டு தேடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியது. கோட்டு கண்ணில் பட்டபோது கோடை வந்துவிட்டது. ஆமை இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள்.

கரடி, சாவகாசம் என்ற தேவாங்கைக் கூப்பிட்டது. கண்ணைச் சிமிட்டாமல் திரையைப் பார்க்கக்கூடிய பிராணி அது ஒன்றுதான் என்பதால் காட்டின் கம்ப்யூட்டர் வேலை அத்தனையும் அதன் தலையில்தான் விழும்.

"வடிகட்டி போட்டுடலாம் அக்கா," என்றது தேவாங்கு.

"டீ வடிகட்டி வீட்டுலயே ரெண்டு கெடக்கு தம்பி."

"அதில்ல. பக்கத்துல வரிசையா சின்னச் சின்னக் கட்டம் இருக்கும். நிறம், அளவு, தன்மை. வேணுங்கிறதை டிக் பண்ணா, வேண்டாததெல்லாம் மறைஞ்சிடும்."

"வேண்டாதவங்க?"

"பொருள் மட்டும்தான் அக்கா."

கரடிக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இருந்தாலும் சரி என்றது.

நிறத்தில் பெரிய சிக்கல் இல்லை. அளவில்தான் வினை வந்தது. யானை, தான் விற்ற கட்டிலுக்கு 'மிகச் சிறியது' என்று போட்டிருந்தது. எறும்பு, தான் விற்ற துண்டுக்கு 'மிகப் பெரியது' என்று போட்டிருந்தது. அந்தத் துண்டை வாங்கிய யானை, குளித்துவிட்டு வந்து அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே காய்ந்துபோனது.

"எல்லாருக்கும் பொதுவா ஒரு அளவு வேணும் அக்கா. ரொம்பப் பெருசாவும் இருக்கக் கூடாது, ரொம்பச் சின்னதாவும் இருக்கக் கூடாது," என்றது தேவாங்கு.

அந்த நேரம் பார்த்து, வாங்கிய காலுறை பத்தவில்லை என்று மாற்ற வந்து நின்றது சொக்கன் என்ற முயல். தேவாங்கு அதை மேலும் கீழும் பார்த்தது. அன்றோடு காட்டின் அளவு முடிவாகிவிட்டது. தலையணை ஒரு முயல், கட்டில் மூன்று முயல், எறும்பின் துண்டு முயலின் மீசையில் பாதி.

சொக்கனுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி மருக்கொழுந்திடம், "இனிமே இந்தக் காட்டுல என்னைக் கேக்காம ஒருத்தரும் ஒரு தலையணை வாங்க முடியாது," என்றது.

ஆனால் கம்ப்யூட்டருக்கு முயல் என்றால் என்னவென்று தெரியாதே. மாதிரிக்கு ஒரு படம் கேட்டது. தேவாங்கு சொக்கனைப் படம் எடுத்து, மற்றப் பொருள்களோடு அதையும் கடைக்குள் ஏற்றிவிட்டது. அளவு: ஒரு முயல். நிறம்: பழுப்பு. தன்மை: மிருது. முள்: இல்லை.

காட்டின் மேற்குப் பக்கத்தில் உக்கிரபாண்டி என்ற புலி இருந்தது. கழுத்து வலிக்கு ஒரு தலையணை வாங்கலாம் என்று ஒருநாள் காலையில் அது கடையைத் திறந்தது. அளவு ஒரு முயல், டிக். மிருதுவானது, டிக். முள் இல்லாதது, டிக். வந்த தலையணைகளுக்கு நடுவே, காதை நிமிர்த்தி லேசாகச் சிரித்தபடி சொக்கனும் வந்தது. புலி தலையணையை மறந்துவிட்டது.

ஆர்டர் வந்த சத்தம் கேட்டுக் கரடி சந்தோஷமாக எட்டிப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தேவாங்கைக் கூப்பிட்டது. இரண்டும் சேர்ந்து சொக்கனைக் கூப்பிட்டன.

"நான் பொருளே இல்லையே அக்கா. நான் அளவுதானே," என்றது சொக்கன்.

"எனக்குத் தெரியுதுப்பா. புலிகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

"ஆர்டரை ரத்து பண்ணிடுங்க."

"ரத்து பண்ணா அவரே நேர்ல வந்து எடுத்துக்குவாரு. கூட நம்மளையும் எடுத்துக்குவாரு."

தேவாங்கு வெகுநேரம் யோசித்தது. "அவரே வேண்டாம்னு சொல்ற மாதிரி பண்ணிடலாம்," என்றது. பிறகு புலிக்குப் போன் செய்தது.

"ஐயா, பொருளை அனுப்பறதுக்கு முன்னாடி, இன்னும் உங்களுக்குப் பிடிச்ச மாதிரி தேர்ந்தெடுக்கப் புதுசா சில வடிகட்டி போட்டிருக்கோம். பாக்கறீங்களா?"

பிறந்ததிலிருந்து அகப்பட்டதைத் தின்றே வளர்ந்த புலி அது. உனக்கு என்ன பிடிக்கும் என்று அதை யாரும் கேட்டதே இல்லை. அதன் குரல் தழுதழுத்தது.

"பாக்கறேன் தம்பி."

'பல்லில் நார் மாட்டாதது' என்று ஒரு கட்டம் இருந்தது. புலி டிக் செய்தது. 'கத்தாதது' டிக். 'நடந்துபோகும் தூரத்தில் இருப்பது' டிக். கடைசியில் 'அழகானது' என்று ஒரு கட்டம். புலி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அழகானதைச் சாப்பிடலாம் என்ற எண்ணமே அதற்கு அதுவரை வந்ததில்லை. டிக் செய்தது.

'உங்கள் தேர்வுக்குப் பொருந்தும் பொருள் எதுவும் இல்லை' என்று திரை சொன்னது.

மற்ற விவரங்களில் பொய் எழுதினால் புலி கண்டுபிடித்துவிடும் என்று தேவாங்கு அவற்றையெல்லாம் உள்ளபடி நிரப்பியிருந்தது. அழகை யாராலும் அளந்து பார்க்க முடியாது. அதனால் சொக்கனுக்கு நேரே அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தது.

ஒரு டிக்கை எடுத்துவிட்டால் புலிக்குச் சாப்பாடு கிடைத்திருக்கும். ரசனையை விட்டுக்கொடுக்க அதற்கு மனம் வரவில்லை. பசியோடு காத்திருந்தது. எதிரே மான் ஒன்று நொண்டிக்கொண்டு போனது.

"நீ வடிகட்டியில வருவியா?" என்று புலி கேட்டது.

"இல்லீங்க ஐயா."

"அப்ப போ."

புத்தி ஜெயித்தது, உடல் பலம் தோற்றது என்று இங்கேயே நீதி எழுதி முடித்துவிடலாம். சொக்கன்தான் விடவில்லை. தான் எப்படித் தப்பித்தோம் என்று பார்க்கும் ஆசையில் மறுநாள் கடைக்கு வந்து, தன் விவரங்களை ஒவ்வொன்றாகப் படித்தது. படித்ததும் அதன் முகம் சுண்டிப்போனது.

"அண்ணே, எனக்கு அழகு இல்லைன்னு போட்டிருக்கீங்களா?"

"இல்லைன்னு போடல. காலியா விட்டிருக்கேன்."

"காலியா விட்டா என்ன அர்த்தம்?"

"தெரியலைன்னு அர்த்தம்."

"என்னை நேர்ல பாத்துமா தெரியல?"

"சொக்கா, அங்க டிக் இருந்தா புலி உன்னைத் தின்னுடுவாரு."

"அது வேற விஷயம்ணே. புலிக்கும் எனக்கும் உள்ளது. நான் கேக்கறது கடையில தகவல் சரியா இருக்கணும்கிறதை."

"மருக்கொழுந்தை நெனச்சுப் பாரு."

"அவளை நெனச்சுத்தான் சொல்றேன். அவ இதைப் பாத்தா, அழகா இல்லையான்னே தெரியாத ஒருத்தரையா இத்தனை நாள் அழகுன்னு நெனச்சோம்னு ஆகிடாதா?"

தேவாங்கு தடுக்கக் கையை நீட்டியது. அது நீட்டி முடிப்பதற்குள் சொக்கன் 'ஆம்' என்று டிக் செய்து, சேமித்து, வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

புலியின் திரையில் ஒரு பொருள் வந்தது. ஒன்றே ஒன்று. சொக்கனைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கரடிக்கு மனம் இல்லை. சொக்கன் முடியை வாரிக்கொண்டு, மீசையைச் சரிசெய்துகொண்டு, தானே நடந்து போனது.

புலி அதைச் சுற்றிவந்து பார்த்தது. "படத்துல இருக்கிற மாதிரியே இருக்கியே," என்றது.

"ரொம்ப நன்றிங்க," என்றது சொக்கன். அதன்பிறகு அது எதுவும் சொல்லவில்லை.

சேதி சொல்லக் கரடியும் தேவாங்கும் மருக்கொழுந்தின் வளைக்குப் போயின. மருக்கொழுந்து அழுதது. கரடியும் அழுதது. அழுது ஓய்ந்ததும் மருக்கொழுந்து, "அவரு பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க அக்கா," என்றது.

கரடி காட்டியது. சொக்கனின் படம். கீழே ஐந்து நட்சத்திரம். அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில் 'விற்றுத் தீர்ந்தது'.

மருக்கொழுந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "எங்க அப்பாவை ஒரு நரி தின்னுச்சு அக்கா. இருட்டுல, பாக்காமலே தின்னுச்சு. அண்ணன் மேல யானை உக்காந்திடுச்சு. எங்க வகையறாவுல ஒருத்தரையும் யாரும் தேர்ந்தெடுத்ததில்ல," என்றது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்து வளைகளிலிருந்து எல்லோரையும் பார்க்கக் கூப்பிட்டது.

மறுநாள் காலையில் கரடி கடையைத் திறந்தபோது வாசலில் முயல்களின் வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. எல்லாம் முடி வாரியிருந்தன. இரண்டொன்று காதில் பூ வைத்திருந்தன. தேவாங்கு ஒவ்வொன்றிடமும், "இதை மட்டும் காலியா விட்டுடவா?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தது. ஒன்றுகூடச் சம்மதிக்கவில்லை.

நீதி: பிள்ளைகளே, எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். உங்களைத் தேடுகிறவர் பாவம், பசியோடு இருப்பார்.