எள்ளுச் சோறும் ஈரப்பதமும்

எனக்குப் பயம் வந்தால் சாமி கும்பிடுவேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்றைக்குச் சோறும் வைத்தேன்.

எங்கள் நெல் கொள்முதல் நிலையத்துக்கு அன்று கடைசி நாள். அரசாங்க விலை, அதற்கு மேல் ஊக்கத்தொகை, எல்லாம் சாயங்காலத்தோடு சரி. விட்டால் வாசலில் லாரியோடு நிற்கிற வியாபாரி சொல்கிறதுதான் விலை. (காலையிலேயே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரமே இல்லை.)

வரிசையில் நான் முதல் ஆள். எனக்குப் பின்னால் மச்சான், என் சம்சாரத்தின் அண்ணன். பில் கிளார்க் என் நெல்லை ஈரப்பத மிஷினில் போட்டுப் பார்த்தார்.

"பதினேழுக்குள்ள இருந்தாத்தான் எடுக்க முடியும். ஒங்களது தாண்டுது. காயப்போடுங்க, மதியம் பாப்போம்."

களத்தில் விரித்தேன். மேகமலைப் பக்கம் பார்த்தேன். மேகம் இருந்தது. காலால் நெல்லைக் கிளறினேன். மறுபடி பார்த்தேன். மேகம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சம்சாரத்துக்குப் போன் போட்டேன்.

"சனிக்கிழமையுமா இருக்கு. ஒங்களுக்கு ஏழரை வேற. தூக்குவாளில எள்ளுச் சோறு வச்சிருக்கேன், பாக்கலையா? காக்காவுக்கு வைங்க," என்றாள்.

குச்சனூர் சனீஸ்வரனுக்குக் காக்காதான் வாகனம். எங்கள் பக்கம் அதற்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவோம். தப்பு, நான் வைத்த இடம். நெல்லை விட்டு நகர மனசில்லை. நெல் ஓரத்திலேயே இலையைப் போட்டேன்.

ஒரு காக்கா வந்தது. எனக்கு நிம்மதி. அது ஒரு வாய் தின்றுவிட்டுக் கத்தியது.

அப்புறம் களமே கறுத்துப்போச்சு. இலையை இழுத்து, சோற்றை நெல்லெல்லாம் இறைத்து, நடுவில் சண்டை வேறு. யாரும் கல் எடுக்கவில்லை. சனிக்கிழமை, சனீஸ்வரன் வண்டி, யார் எறிவது? நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "போதும், போங்க சாமி," என்றேன். போகவில்லை.

"மாப்ள, விருந்தாளிகளுக்குத் தண்ணி வச்சீகளா?" என்றார் மச்சான். சிரிக்கவில்லை.

தின்று முடித்து அதுகளாகத்தான் போயின. நெல்லைத் தூற்றுகிற மிஷினில் விட்டோம். அது தூசியைத் தள்ளும். சோறு அதற்குத் தெரியாது.

பில் கிளார்க் மறுபடி ஒரு கை அள்ளிப் போட்டார். ஈரம் காலையில் இருந்ததைவிட ஏறியிருந்தது. மிஷினைத் தட்டினார். அப்படியேதான் காட்டியது. அவர் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். நெல்லோடு எள்ளு. எள்ளோடு ரெண்டு பருக்கை.

"அண்ணே, நெல்லா எடுக்கத்தான் உத்தரவு. ஆக்கிக் கொண்டாந்தா நான் என்ன செய்ய?"

வாசலில் வியாபாரி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

எடை வரிசைப்படிதான்; என் நெல் நகராமல் யார் நெல்லும் நகராது. வரிசையே குத்தவைத்து உட்கார்ந்து பருக்கை பொறுக்கியது. "சோத்துல நெல்லு பொறுக்கிருக்கேன். நெல்லுல சோறு இப்பத்தான்," என்றார் ஒருத்தர். நான் தலை நிமிரவில்லை. தூறல் விழுந்தது. மச்சான் எழுந்தார். தன் நெல் மேல் கிடந்த தார்ப்பாயை உருவி என் நெல் மேல் போட்டார்.

அடுத்த தடவை மிஷின் சரி என்றது. என் மூட்டைகள் தைத்து உள்ளே போயின. தார்ப்பாயை எடுத்துக்கொண்டு மச்சான் நெல்லுக்கு ஓடினேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் மூடி வைத்திருந்தார்கள், மழை விட்டதும் எடை போட்டார்கள். மச்சான் நெல் மட்டும் நனைந்துபோனது. வியாபாரி குடையோடு வந்தார். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு லாரியைப் பார்த்தார்.

அடுத்த போகத்தில் அவரை முன்னால் நிறுத்தினேன். அவர் என் தூக்கை வாங்கினார். திறந்து, மோந்து, விரலால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் களத்துக்குள் விட்டார்.

இன்றைக்கும் நான் நெல்லோடு கிளம்பினால், என் சம்சாரம் தூக்கை நீட்டிக்கொண்டே சொல்கிறாள்:

"புளிச்சோறுதான். எள்ளு இல்ல. எங்கண்ணன்ட்ட காட்டிட்டுத் தின்னுங்க."