எல்லாப் பூட்டும் திறந்த செல்லைப் பற்றிப் பெரியப்பாவுக்கு

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். தங்கள் முழங்கால் வலியும், அதைப் பற்றிப் பெரியம்மா சொல்லும் கருத்துகளும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் தாங்கள் விசாரித்தபோது "ம்", "சரிங்க பெரியப்பா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. பேனா பிடித்தால்தான் எனக்குப் பேச்சு வரும் என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே எழுதுகிறேன்.

முதலில், நான் டாக்டர் இல்லை. நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனாலும் சித்தி தன் சளியைப் படம் பிடித்து அனுப்புவதைத் தாங்கள் சொல்லி நிறுத்த வேண்டும். நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். நெஞ்சுக்கூட்டுக்குள், இதயத்துக்கு மேலே, தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. நோயை எதிர்க்கும் செல்களில் ஒரு வகைக்கு அதுதான் பள்ளிக்கூடம். எலிகளிடமிருந்து அந்தச் செல்களை எடுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. உடம்பில் எந்தச் செல்லை எடுத்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே மரபணுப் புத்தகம்தான். தோலுக்கும் அதே, கல்லீரலுக்கும் அதே. அந்த நீள இழை, புரத உருண்டைகளில் நூல்கண்டு போலச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். சுருள் இறுகிய இடத்து மரபணு சும்மா கிடக்கும், தளர்ந்த இடத்தில் உள்ளது வேலைக்கு வரும். எது இறுகுகிறது, எது தளர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் செல் வளர்ந்து என்னவாகும் என்பது முடிவாகிறது. ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் மற்ற வழிகளெல்லாம் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தச் செல்லிடம் போய் "வங்கித் தேர்வு எழுதேன்மா" என்று வாரந்தோறும் சொல்லிப் பயனில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரும்பாலானவை தேறுவதுமில்லை. எதையும் அடையாளம் காணத் தெரியாதவை கவனிப்பாரின்றிச் சாகும். சொந்த உடம்பையே கடிக்கப் பாய்பவற்றை அங்கேயே தீர்த்துக்கட்டிவிடுவார்கள். நம் குடும்பத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் கல்யாண வீடுகளில் நாற்காலி நிறைய மிச்சமாகியிருக்கும்.

இப்போது எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஆய்வுக்கூடத்து அக்கா வைத்த பெயர் பனிக்கட்டி. இந்த அக்கா எனக்கு முன்பே சேர்ந்தவர், யாருக்கும் பயப்படாதவர், அதனாலேயே பதவி உயர்வு இல்லாதவர். செல்கள் சூடுபட்டால் செத்துவிடும் என்பதால் "ஐஸ்ல வை" என்பதுதான் தலைவர் வாயில் எப்போதும் வரும் மந்திரம். சுவரில் ஒட்டியிருக்கிறார், கதவில் ஒட்டியிருக்கிறார், கழிவறைக் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிறார். சென்ற மாதம் எங்களுக்கு நிதி கொடுக்கும் அறக்கட்டளையினர் பார்வையிட வந்தார்கள். நான் அன்றுதான் ஒரு மரபணு நீக்கப்பட்ட அரிய எலிகளின் செல்களைப் பிரித்தெடுத்து, சின்னக் குழாயில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்திருந்தேன். தலைவர் நேராக வந்து அந்தக் குழாயை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பிறகு அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டே, ஆராய்ச்சியில் கவனம் எவ்வளவு முக்கியம் என்று பேச ஆரம்பித்தார். பேச்சு ஓடியது, படம் பிடித்துக்கொண்டார்கள், அடுத்த அறையைப் பார்க்கப் போனார்கள், தேநீர் குடித்தார்கள். குழாய் அவர் கையிலேயே இருந்தது. தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது மட்டும் சட்டைப்பைக்குப் போய் வந்தது. நான் பின்னாலேயே அலைந்து, இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டி, "சார், ஐஸ்..." என்றேன். "ஆமாம்மா, ஐஸ்ல வை," என்று குழாயை என்னிடம் நீட்டினார். வெந்நீர்ப் பாட்டில் மாதிரி இருந்தது.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டிவிடு என்றார். தலைவரோ, அந்த வகை எலி இனிப் பிறந்து வளர மாதங்கள் ஆகும், மேலே செய் என்றார். செய்தேன். சுருள் தளர்ந்த இடங்களில் மட்டும் வெட்டிக் குறிவைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அதைச் செல்லுக்குள் விட்டால் எங்கே திறந்திருக்கிறது, எங்கே பூட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் குழாயில் அது இங்கே அங்கே என்றில்லாமல் எல்லா இடத்திலும் வெட்டித் தள்ளியிருந்தது. தலைவர் கணினித் திரைக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டார். "இந்த எலில பூட்டே இல்லம்மா," என்றார். நீக்கிய அந்த மரபணுதான் பூட்டுக்கெல்லாம் பூட்டு, அது இல்லாவிட்டால் செல் என்னவாக வேண்டுமானாலும் மாறலாம், எந்த நோயையும் தீர்க்கலாம் என்று மதியத்துக்குள் முடிவாகிவிட்டது. மாலைக்குள் சாவி படம் போட்ட ஒரு விளம்பரத் தாளும் தயாராகிவிட்டது. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "செத்த வீட்டுல எல்லாக் கதவும் தெறந்துதான் கெடக்கும்," என்று சொல்லி, அந்தத் தாளில் விசிறிக்கொண்டார்.

எனக்கும் அதே சந்தேகம். செத்த செல் நீலச் சாயத்தை உள்ளே விடும், உயிருள்ளது விடாது. குழாயில் மிச்சமிருந்த ஒரு துளியில் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன், ஒரே நீலம். தலைவரிடம் காட்டினேன். "சாயம் பழசா இருக்கும், புதுசு வாங்கு," என்றார். வாங்கினேன், புது நீலமாகத் தெரிந்தது. அதற்குள் அவர் வருடாந்தர மாநாட்டில் இதை அறிவிக்கப் போவதாகவும், கட்டுரையில் என் பெயரையும் சேர்ப்பதாகவும், ஆராய்ச்சிப் படிப்பில் எனக்கு இடம் கொடுத்துத் தானே கையெழுத்துப் போடுவதாகவும் சொல்லிவிட்டார். இரண்டு வருடமாக நான் காத்திருப்பது அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் பெரியப்பா. அந்த இடம் இல்லாவிட்டால் இந்த வேலையும் இந்த ஆண்டோடு முடிகிறது. அப்புறம் வங்கித் தேர்வுதான்.

அதனால்தான் அம்மாவை விட்டுத் தங்களிடம் யோசனை கேட்டேன். "பெரிய மனுசன் சொன்னா சரியாத்தான் இருக்கும், நமக்கு எதுக்கும்மா வம்பு, வாயை மூடிக்கிட்டு இருந்தா வாழ்க்கை ஓடிடும்," என்றீர்கள். அம்மாவும் அதையே சொன்னாள், அழுதுகொண்டு. யோசித்துப் பார்த்தால் தாங்கள் சொல்வதே சரி. எலிக்கும் நஷ்டமில்லை, அது எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே நாளை மாநாட்டில் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவதென்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு ஆராய்ச்சி இடம் கிடைத்துவிட்டதாகத் தாங்கள் தாராளமாக எல்லோருக்கும் சொல்லலாம். சொல்லியிருப்பீர்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். அண்ணன்களுக்கு அன்பு, சித்தியின் சளிக்கு ஆவி. தங்கள் ஆசி என்றும் வேண்டும்.

தங்கள் சொல் தட்டாத மகள்.

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. அஞ்சலில் சேர்க்க இன்றுதான் நேரம் கிடைத்தது. தலைவர் பேசி முடித்ததும் முன்வரிசையில் நரைத்த தலையோடு ஓர் அம்மா எழுந்து, "அந்தச் செல்லெல்லாம் உயிரோட இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். தலைவர் சிரித்துக்கொண்டே, "பிரிச்செடுத்த பொண்ணே இருக்கு, அதுவே சொல்லட்டும்," என்று என் பக்கம் கைகாட்டினார். நான் பேசமாட்டேன் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மைக் வந்தது. "இல்லீங்க," என்றேன். அது அரங்கம் முழுக்கக் கேட்டது. எப்படித் தெரியும் என்றார் அந்த அம்மா. "சாயம் போட்டுப் பாத்தேங்க. சார் ரொம்ப நேரம் கையில வெச்சிருந்தாரு." பின்வரிசையில் சிரித்தார்கள், பிறகு முன்வரிசையிலும். தலைவர் அடுத்த படத்துக்குப் போனார், அதுவும் சாவிதான்.

ஆகவே எனக்கு இடமில்லை, கையெழுத்தில்லை. தாங்கள் யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடமெல்லாம் திருப்பிச் சொல்லிவிடவும். வெளியே வரும்போது அந்த அம்மா என்னைத் தடுத்து நிறுத்தி, தன் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆள் தேவை, உன் பெயரென்ன என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நாளைக் காலை போய்ப் பெயரைச் சொல்லிவிட்டு வருகிறேன்.