நாலாவது மாடிக்கு ஏறிய துரியான்

கேஸ் என்று ஒன்று உங்கள் மேல் வந்துவிட்டால், யார் சொல்வதை வேண்டுமானாலும் கேளுங்கள். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டேன். அதன் பலனாகக் கிரிமினல் வழக்கில் கூண்டில் நின்றபடி, எனக்குப் பெண் கொடுக்கவிருந்த மாமனார் பைபிளின் மேல் கை வைத்து என்னை அயோக்கியன் என்று சொல்வதைக் கேட்கும் பாக்கியம் பெற்றேன்.

அப்போது பர்மாவில், யாங்கோன் நகரத்து லான்மடாவில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் குடியிருந்தேன். லிஃப்ட் கிடையாது. யாங்கோனில் இந்த மாதிரி வீடுகளில் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். அதன் நுனியில் ஒரு கிளிப். கீழே வருகிறவர் பேப்பரையோ பலகாரப் பொட்டலத்தையோ அதில் மாட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டினால், மேலே மணி அடிக்கும். நாம் நோகாமல் இழுத்துக்கொள்ளலாம். பேப்பருக்கும் பொட்டலத்துக்கும் ஏற்பட்ட அந்தக் கயிற்றில் நான், தேங்காயைவிடப் பெரிதாக உடம்பெல்லாம் முள்ளோடு இருக்கும் ஒரு துரியான் பழத்தை ஏற்றினேன். (ஏன் என்று கேட்காதீர்கள். போலீசும் அதைத்தான் கேட்டது.)

பழம் எனக்காக இல்லை. எனக்குப் பேசியிருந்த மெர்சியின் அப்பா சவரிமுத்து மாமாவுக்காக. துறைமுகப் பக்கம் போட்டாதாங்கில் கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கோவில் சபையில் பெரிய மனிதர், துரியான் என்றால் மட்டும் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தேதி பேசப் போகும்போது கையில் ஒரு நல்ல பழத்தோடு போனால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி என்று கணக்குப் போட்டேன். கீழே பழக்காரர் பையில் போட்டு மாட்டிவிட்டார். நான் இழுத்தேன். இரண்டாவது மாடியைத் தாண்டியதும் முள் பையைக் கிழித்துவிட்டது.

கீழே குடை பிடித்துக்கொண்டு ஊ டுன் லா என்ற பெரியவர் போய்க்கொண்டிருந்தார். குடை அவர் தலையைக் காப்பாற்றியது. தோளைக் காப்பாற்றவில்லை. சட்டையெல்லாம் ரத்தப் பொட்டு. தெருமுனையில் போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தது என் ஜாதகம். பிறருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக நடந்து காயம் உண்டாக்கியதாக வழக்கு எழுதினார்கள். கட்டடத்துக்காரர் ஜாமீன் கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிவந்தார்.

வழக்கில் எழுதியிருந்த பெயர் வின் நாயிங். அதுவும் நான்தான். எங்கள் ஆட்களில் பலருக்கு இப்படித்தான், பள்ளிக்கூடத்துக்கும் சர்க்காருக்கும் ஒரு பர்மியப் பெயர், வீட்டுக்கும் கோவிலுக்கும் ஒரு தமிழ்ப் பெயர். ஞானஸ்நானத்தில் நான் அந்தோணிராஜ். ஊருக்கெல்லாம் ராஜு. வின் நாயிங் என்ற ஆசாமி எப்போதாவது ஒரு ஆபீஸ் கவுண்ட்டரில் தலையைக் காட்டிவிட்டு மறுபடி அடையாள அட்டைக்குள் போய்ப் படுத்துக்கொள்வான். அவனை மெர்சிக்கே அவ்வளவாகப் பழக்கமில்லை.

அடுத்த நாளே டீக்கடையில் எனக்காக ஒரு சட்டக் கல்லூரி கூடிவிட்டது.

"அந்த ஆள் வீட்டுப் பக்கம் போயிடாத தம்பி. மன்னிப்புக் கேட்டியோ, குத்தத்த நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. நேரா உள்ளதான்."

நம்பினேன். ஊ டுன் லா அடுத்த தெருவில்தான் இருந்தார். அவரைக் கண்டால் நான் எதிர்ப் பக்கம் போய் மின்சாரக் கம்பத்தை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்துவிடுவேன்.

சவரிமுத்து மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் சொன்னேனா என்றால், இல்லை. "எங்க கட்டடத்துலேர்ந்து ஒரு பழம் விழுந்துருச்சு மாமா, கேஸ என் மேல போட்டுட்டாங்க" என்றேன், பழம் தானாகவே யோசித்துக் குதித்த மாதிரி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தா பாரு ராஜு. எங்க குடும்பத்துல கோர்ட்டுப் படி ஏறினவன் கெடையாது. நீ குத்தவாளி இல்லன்னு தீர்ப்பு வந்தா, கல்யாணம். தண்டனைன்னு வந்தா மெர்சிய மறந்துரு. நீ நல்ல பையன்னு நானே வந்து சாட்சி சொல்றேன்."

கதவுக்குப் பின்னால் மெர்சி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு முன்பு வரை எனக்கு இது ஒரு துரியான் கேஸ். அதற்குப் பிறகு அது மெர்சி கேஸ்.

என் வக்கீல் டாவ் கின் ஏ என்ற அம்மாள். கருப்புக் கோட்டுக்குள் ஒரு சின்ன உருவம், ஆனால் குரல் பெரிது. முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னார். காயம்பட்டவர் சம்மதித்து, கோர்ட்டும் அனுமதித்தால், இந்த மாதிரி வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம், ஆகவே முதலில் போய் அவரைப் பார். இன்னொன்று, சாட்சிக்கு வருகிறவரிடம் உன் வழக்கைப் பற்றி எல்லாம் விளக்கிச் சொல்லி அழைத்து வா. நான் "சரிங்க சயாமா, சரிங்க சயாமா" என்று பவ்யமாகத் தலையாட்டினேன். ஒன்றும் காதில் ஏறவில்லை. மனசுக்குள் நான் நீதிபதி முன்னால் ஆற்றப்போகும் உரையைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பூமியின் ஈர்ப்பு சக்திக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன் என்று ஆரம்பிக்கும்.

வாய்தா மேல் வாய்தா போனது. முதலில் அவர்கள் தரப்புச் சாட்சிகள். ஊ டுன் லா சாட்சி சொல்லும்போது இரண்டு தரம் என் முகத்தைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். (கரண்ட் இல்லை. அது சுற்றவில்லை. இருந்தாலும் பார்த்தேன்.) பிறகு குற்றச்சாட்டை வாசித்தார்கள். பிறகு என் முறை. எங்கள் கோர்ட்டில் சாட்சியம் முழுவதையும் நீதிபதியே கையால் எழுதிக்கொள்வார், அவர் பேனா வரும் வேகத்துக்குத்தான் நாம் பேச வேண்டும். நான் ஈர்ப்பு சக்தியில் தொடங்கிக் கண்ணீரில் முடித்தேன். நீதிபதி எழுதியதைப் படித்துக் காட்டினார். "பழத்தை இழுத்ததை எதிரி ஒப்புக்கொள்கிறார்." அவ்வளவுதான்.

இனி ஒரே நம்பிக்கை சவரிமுத்து மாமா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் லோஞ்சி என்கிற பர்மிய லுங்கியுமாக வந்து, பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவர் பேசியது சுத்தமான பர்மியில். நான் தமிழில் தருகிறேன்.

"வின் நாயிங்க உங்களுக்கு எவ்வளவு காலமா தெரியும்?" என்றார் டாவ் கின் ஏ.

"யாரு?"

"வின் நாயிங்."

"அப்படி யாரையும் தெரியாதே."

டாவ் கின் ஏ என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் கனவில் வருகிறது. நான் கூண்டுக்குள்ளிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையைப் பலமாக ஆட்டினேன்.

"பாருங்க, அந்தப் பையனே தெரியாதுன்னு தலையாட்டுறான்" என்றார் மாமா, உற்சாகமாக.

அரசு வக்கீல் மெல்ல எழுந்தார். சந்தோஷத்தை அடக்கிக்கொள்ள அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"ஐயா, துரியானைப் போட்டது வின் நாயிங்தான்னு எங்க தரப்புல சொல்றோம்."

மாமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லுங்க! நானும் இத்தனை நாளா யோசிச்சேன். அவன் போட்டிருக்கான். போட்டுட்டு ஓடிட்டான். நீங்க இந்த அப்பாவியப் புடிச்சு நிறுத்தியிருக்கீங்க!"

"வின் நாயிங் எப்படிப்பட்ட ஆள்னு நெனைக்கிறீங்க?"

"தெருவுல போறவங்க தலையில துரியான் போடுறவன் எப்படிப்பட்டவனா இருப்பான்? அயோக்கியன்."

"கொஞ்சம் மெதுவா," என்றார் நீதிபதி, எழுதிக்கொண்டே. "அயோக்கியன் வரைக்கும் வந்துட்டேன்."

"நம்பத்தக்க ஆள் இல்லைன்னு சொல்றீங்க?"

"ஐயா, எனக்கு இருக்குறது ஒரே பொண்ணு. அந்த வின் நாயிங்குக்கு என் பொண்ணக் கொடுப்பேனா? கடவுள் சத்தியமா கொடுக்க மாட்டேன்!" பைபிளை ஒரு தட்டுத் தட்டினார். "அவனத் தேடிப் புடிங்க. கடுமையா தண்டனை கொடுங்க."

அதையும் நீதிபதி எழுதினார்.

டாவ் கின் ஏ என் அடையாள அட்டையை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார். மாமா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பெயரைப் படித்தார். போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"ஐயா," என்றார் நீதிபதியிடம், மிகவும் சின்னக் குரலில், "கடைசியா சொன்னத அழிச்சுரலாமா?"

"எழுதினது எழுதினதுதான். கையெழுத்துப் போடுங்க."

அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு சத்தம். ஊ டுன் லா காயம்பட்ட தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். வலியும் சிரிப்பும் ஒன்றாக வந்து, கண்ணில் தண்ணீர். அடக்கச் சொன்ன சேவகரும் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். நீதிபதி கொஞ்ச நேரம் இடைவேளை விட்டார்.

வராந்தாவில் டாவ் கின் ஏ என் முதுகில் கை வைத்து அந்தப் பெரியவர் முன்னால் தள்ளினார். நான் தயாரித்த உரை எதுவும் வாயில் வரவில்லை. "தப்பு என் மேலதான், ஊலே. சோம்பேறித்தனத்தால பண்ணிட்டேன். உங்களுக்கு வலிச்சிருக்கும். மன்னிச்சுருங்க" என்றேன். சொல்லும்போது உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. இத்தனை காலம் ஒரு வயதானவரை வலியோடு விட்டுவிட்டு மின்சாரக் கம்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான்யா உக்காந்திருந்தேன்," என்றார் அவர். "தெனம் என் வாசல் வழியாத்தான் போற. ஒரு நாளாவது ஏறி வருவியான்னு பார்த்தேன்."

உள்ளே போய், சமாதானமாகப் போகச் சம்மதம் என்றார். யாராவது மிரட்டினார்களா என்று நீதிபதி கேட்டார். "இல்லீங்க, அவரோட மாமனார் என்னைச் சிரிக்க வச்சார்" என்றார். கோர்ட் அனுமதித்தது. வழக்கு முடிந்து, நான் விடுதலை. டீக்கடை வல்லுநர்கள் யாருமே சொல்லாத வழி அது. வக்கீல் முதல் நாளே சொன்ன வழி.

நான் துள்ளிக் குதித்து டாக்சியில் ஏறினேன். மாமாவும் கூட ஏறி, போட்டாதாங் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கோர்ட்டு விட்டுருச்சு. நான் எப்படி விடுறது?" என்றார். "பைபிள் மேல கை வச்சு, வின் நாயிங்குக்குப் பொண்ணு கொடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேனே."

எனக்கு உயிரே போய்விட்டது. இதற்கு அப்பீல் எந்தக் கோர்ட்டில் செய்வது? அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. கோவிலில் காணிக்கை போடச் சில்லறை இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போய் எடுத்துவருகிற மனிதர்.

மெர்சி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கோவில்ல கல்யாண ஓலை எந்தப் பேர்ல வாசிப்பாங்க, அப்பா?"

"அந்தோணிராஜ்."

"அப்போ நீங்க அந்தோணிராஜுக்குக் கொடுங்க. வின் நாயிங்க நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறாள். எங்கள் வீட்டில் சம்பளம் கொண்டுவருவது ராஜு, தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போவது வின் நாயிங். பிள்ளைகளுக்குப் படம் காட்டக் கூட்டிப்போனது ராஜு, வழியில் அவர்களைத் தொலைக்கப் பார்த்தது அந்த ஆள். மாமா சத்தியத்தை இன்றுவரை மீறவில்லை. கிறிஸ்துமஸுக்கு லோஞ்சி எடுத்துக் கொடுப்பது ராஜுவுக்கு மட்டும்தான். ஆனால் எல்லாருமாகச் சாப்பிட உட்காரும்போது, ஜெபத்தில் குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஆசீர்வாதம் கேட்டு முடித்த பிறகு, ஒரு நிமிஷம் நிறுத்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆண்டவரே, அந்த வின் நாயிங்குக்கும் நல்ல புத்தியைக் கொடும்" என்பார்.

அதற்கு ஆமென் சொல்லும்போது, மேசையில் எல்லாரையும்விட உரக்கக் கேட்பது மெர்சியின் குரல்தான்.