டம்பெல் அனுப்பிய மைத்துனருக்கு

பேரன்பும் பெரும்புஜமும் கொண்ட மைத்துனருக்கு, உன் அக்காள் புருஷன் எழுதிக்கொண்டது. இங்கு நான் இருமல் சகிதம் சுகம். அங்கு நீயும் உன் புஜங்களும் சுகமாக இருப்பீர்கள், யாருக்கு வரும் அந்தக் கொடுப்பினை!

என்னை நுரையீரல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாயே, அன்று பிடித்தது சனி. நெஞ்சைக் காட்டப் போனால் அந்த மகானுபாவர் ஸ்கேன் படத்தில் என் முதுகுச் சதையைப் பார்க்கிறார். "நுரையீரல்ல இருக்கிற கிருமி பழசுதான், மெதுவாத்தான் போயிட்டிருந்தது. ஆனா போன படத்துல இருந்த சதை எங்க போச்சு? சதை கரைஞ்சவங்களுக்கு இது சீக்கிரம் முத்துது. அடுத்த படமும் இப்படியே இருந்தா மருந்து ஆரம்பிச்சிடணும். அதுல ஒண்ணு சிலருக்குக் கண்ணைப் பாதிக்கலாம்" என்றார். உடனே உன் அக்காள், "இவர் இளைக்கவே இல்லையே டாக்டர், சட்டையெல்லாம் கச்சிதமா இருக்கே!" என்றாள். நீ பேசாமல் இருந்திருக்கலாம். என் சட்டையைத் திருப்பி உள்தையலைக் காட்டினாய் பார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தையல்காரன் தொளதொளவென்று உடுத்திக்கொண்டு உட்கார்ந்தால் எவன் துணி கொடுப்பான்? சட்டை தொளதொளத்தது, பிடித்துத் தைத்தேன். பேண்ட் நழுவியது, அதையும் பிடித்துத் தைத்தேன். மறுபடி நழுவியது, மறுபடி தைத்தேன். இதைப் போய், "நோயைத் தச்சு மறைச்சிருக்கீங்க" என்று டாக்டர் சிரிக்க, கூடச் சேர்ந்து நீயும் சிரிக்கிறாய்.

கரைந்த சதையை மீட்க வேண்டுமாம், அன்றிலிருந்து மாதக்கணக்காக வீடு ஜெயில். உன் அக்காள் அவித்த முட்டையோடு மெஷின் பக்கத்திலேயே காவல் நிற்கிறாள். "முழுங்குங்க, அப்புறம் நூல் கோக்கலாம்!" உன் டம்பெல்லைத் தூக்கும்போது இருமல் வந்து, அது நழுவி, இஸ்திரி மேஜையின் கால் முறிந்து, ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டு முட்டைத் தட்டில் குப்புற விழுந்தது. தொடைக்குப் பலம் வேண்டுமென்று நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறேன், அளவு கொடுக்க வந்த பேங்க் மேனேஜர் பதறிப்போய், "எனக்கு எதுக்குண்ணே இவ்வளவு மரியாதை?" என்று தானும் எழுந்து நின்றுவிட்டார். மானம் போயிற்று.

பயமில்லையா என்று கேட்காதே. இருக்கிறது. ஊசிக் காது தெரியாத தையல்காரன் எதுக்கு ஆவான்? அதற்காக இந்த வயதில் என்னைப் பயில்வானாக்கலாம் என்று கனவு காணாதே. கடிதம் கண்டதும் வந்து உன் இரும்பை அள்ளிக்கொண்டு போ. இனி தொடமாட்டேன், இது சத்தியம்.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள், உன் புஜங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
உன்னால் முட்டை தின்றே சாகப்போகும் அத்தான்

பி.கு.: கையெழுத்துப் போடக் கையை மடக்கினால் சட்டைக் கை இறுக்குகிறது. துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்றேன். உன் அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தையல் பிரிக்கிற பிளேடை எடுத்து நீட்டினாள். நல்லவேளை, பிடித்துத் தைத்தபோது துணியை வெட்டாமல் உள்ளே மடித்துத்தான் விட்டிருந்தேன். ஒரு தையல் பிரித்தாயிற்று. வரும்போது இதைவிடக் கொஞ்சம் கனமானதாக ஒன்று கொண்டு வா.