பனிமலைக்கு ஒரு வெள்ளி மூக்கு

இருக்கன்குடி மாரியம்மன் துணை

கோவில்பட்டி,
ஆடிக் கடைசி வெள்ளி கழிந்த திங்கட்கிழமை.

அன்பும் அறிவும் நிறைந்த மகள் செல்வமாரிக்கு அம்மா மாரித்தாய் ஆசியுடன் எழுதுவது. இங்கு நானும் உன் அப்பாவும் அம்மன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கு உன் சுகத்தையும் நீ அளக்கிற பனியாற்றின் சுகத்தையும் அறிய ஆவல் என்று எழுதப்போய், பாதியில் நிறுத்தினேன். அது சுகமாக இல்லை என்று நீயே சொன்ன பிறகு அப்படிக் கேட்பது முறையில்லை. துக்க வீட்டுக்கு எழுதும்போது சுகமா என்று கேட்கக் கூடாது. அதே சமயம், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றும் சொன்னாய். ஆகையால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ கூடாரம் போட்டிருக்கிற இமயமலையில் சிக்னல் கிடைப்பதே சாமி தரிசனம் மாதிரி. கிடைத்தாலும் நான் வாயைத் திறந்ததும் "எம்மா, விஷயத்துக்கு வா"ங்கே. கடிதத்தில் யாரும் அவசரப்படுத்த முடியாது. ஹாஸ்டல் விலாசத்துக்குப் போடுதேன். மலையை விட்டு இறங்கினதும் ஆற அமரப் படி.

அன்னைக்கு நீ போன் பண்ணினப்ப நான் மாவிளக்குக்குத் தினை இடிச்சிக்கிட்டிருந்தேன். "எம்மா, நான் ஐஸுல துளை போட்டு நட்டு வச்ச மூங்கில் குச்சியெல்லாம் சாஞ்சு கெடக்கும்மா. அதைச் சுத்தியிருந்த பனி பூரா போயிட்டு. இனிமே அளக்க எனக்கு இங்கன என்ன இருக்கு? ஊருக்கு வந்துருதேன். பி.எட். படிச்சிட்டு ஏதாவது பள்ளிக்கூடத்துல புவியியல் டீச்சராப் போயிருதேன்"னு சொல்லி அழுதே. லைன் போயிட்டு. பக்கத்துல நின்ன உங்கப்பா, "ஏட்டி, யாரு போயிட்டா?"ன்னு கேட்டாவ. "ஐஸு போயிட்டாம்"னேன். "நம்ம ஐஸு போயித்தான் எம்புட்டு காலமாச்சே, அதுக்கு இப்ப ஏன் அழுதா?"ன்னாவ. உலகத்துல நம்ம கம்பெனி ஐஸைத் தவிர வேற ஐஸும் இருக்குன்னு உங்கப்பாவுக்கு இன்னும் நம்பிக்கை வரல.

சத்தியமாச் சொல்லுதேன், நீ ஊருக்கு வரமாட்டியான்னு நான் கும்பிடாத கோயில் இல்ல. வாரேன்னு நீயே சொன்னதும் சந்தோஷமா மாவை இடிச்சிருக்கணும். முடியல. குச்சி சாஞ்சுட்டுன்னு சொன்ன குரல் இருக்கே, அது எனக்குத் தெரிஞ்ச குரல். நம்ம ஐஸ் கம்பெனி வாசப்படியில கேட்ட குரல். சித்திரை வெயில்ல கரிசக்காடு வாய் பிளந்து கெடக்கும். ஊரே புழுங்கும். நீ மட்டும் கவுன் போட்டுக்கிட்டு, கையில பால் ஐஸைப் பிடிச்சு, கீழ ஒரு டம்ளரை வச்சு, அது சொட்டுறதையே பாத்துக்கிட்டு இருப்பே. தின்னவே மாட்டே. "ஏட்டி, தின்னு. வேடிக்கை பாக்கவா ஐஸ் செய்யுதேன்?"ன்னு உங்கப்பா சத்தம் போடுவாவ. "எப்பா, இது எங்கன போகுது?"ம்பே. "டம்ளருக்குள்ள போகுது"ம்பாவ. "அப்ப திரும்ப ஐஸாக்கு"ன்னு வெறுங்குச்சியை நீட்டிக்கிட்டு அழுவே. வந்த வியாபாரியை நிக்கவச்சுட்டு அந்த மனுசன் டம்ளர்ல இருந்ததை அச்சுல ஊத்தி, அதே குச்சியைச் சொருகி, உப்புத்தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கி மறுபடியும் ஐஸாக்கித் தருவாவ. உருகினது திரும்பி வரும்னு உனக்குப் பழக்கிவிட்டது அவியதான். உன் படிப்புக்கு உண்டான சங்கடமெல்லாம் அந்தத் தொட்டியில ஆரம்பிச்சதுதான்.

கம்பெனிக் கதவைத் திறந்தா முகத்துல வந்து அடிக்குமே ஒரு குளிர், ஞாபகம் இருக்கா? அம்மோனியா நெடி, ஈரச் சாக்கு வாசம், அதுக்கு நடுவுல சேமியா ஐஸுக்குக் காய்ச்சின பால் வாசம். நான் அஞ்சாம் வகுப்போட நின்னவ. ஐஸ் பெட்டிக்காரங்களுக்குப் பத்து வரவு கணக்கு எழுதி எழுதித்தான் என் கையெழுத்தே திருந்துச்சு. நீ படிச்சுத் தூங்கின புவியியல் புத்தகத்தை எடுத்து வச்சுப் படிச்சுத்தான் பூமத்திய ரேகையெல்லாம் எனக்குத் தெரியும். அப்புறம் அந்தக் கரெண்டு கட்டுக் காலம் வந்துது. இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். ரோட்டுல நின்னு பாத்தா கயத்தாறு வரைக்கும் கரெண்டு எடுக்கிற காத்தாடி சுத்துது, உள்ள நம்ம தொட்டியில ஐஸு கஞ்சியாக் கெடக்கு. "கண்ணு முன்னாலயே கரெண்டை அறுத்துக் கட்டிக்கிட்டுப் போறான், நமக்கு ஒரு படி அளந்து போட்டா என்ன?"ன்னு உங்கப்பா காத்தாடியப் பாத்துக் கேட்டாவ. அது பதில் சொல்லாமச் சுத்துச்சு. கம்பெனியைப் பூட்டினோம். அந்தக் காத்தாடிக்காரங்களே நம்ம பசுவந்தனை ரோட்டு நிலத்தைக் கேட்டு வந்தப்ப, செத்தாலும் கொடுக்கமாட்டேன்னாவ. நீ காலேஜுல சேர்ந்த வருஷம் உன் பீஸுக்காகக் கையெழுத்துப் போட்டாவ. ஐஸைக் கெடுத்த காத்தாடிதான் உன்னை ஐஸுக்கிட்ட அனுப்பி வச்சுது. இன்னைக்கும் அந்தப் பக்கம் போனா முகத்தைத் திருப்பிக்கிடுவாவ. ஆனா அது ஒரு நாள் சுத்தாம நின்னுட்டா மட்டும், என்ன கோளாறுன்னு விசாரிக்க சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிருவாவ.

சரி, விஷயத்துக்கு வாரேன். பிள்ளை எதுக்காக அழுதோ அதுக்குத்தான் சாமிக்கு நேரணும். உன் கோழிக்குஞ்சு சீக்குல விழுந்தப்ப மண்ணுல கோழி உரு வாங்கி வச்சவதானே நான். அதனால மஞ்சத்துணியில காணிக்கை முடிஞ்சு, "தாயே, அந்தப் பனியாறு பிழைக்கணும், உனக்கு வெள்ளியில உரு செஞ்சு போடுதேன்"னு நேர்ந்துக்கிட்டேன். "பிழைச்ச பொறகுதானே உரு போடணும்? இது என்ன முன்பணமா?"ன்னு உங்கப்பா கேட்டாவ. அது பிழைக்கிற வரைக்கும் நான் இருக்கணுமே. முதல்லயே போட்டுருவோம்னு பட்டறைக்குப் போனேன்.

நம்ம கம்பெனியில ஓட்டை விழுந்த ஐஸ் அச்சுக்கெல்லாம் ஈயம் பூசிக் கொடுப்பாரே பூவனலிங்கம் ஆசாரி, இப்ப அவர் வெள்ளித் தகட்டுல உரு அடிச்சுக் கொடுக்காரு. "எந்த உறுப்புக்கா?"ன்னாரு. "பனிமலைக்கு"ன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "கண்ணு இருக்கு, கை கால் இருக்கு, பிள்ளை இருக்கு, தொட்டில் இருக்கு, தேள்கூட இருக்கு. பனிமலைக்கு இதுவரைக்கும் யாரும் நேரலயே"ன்னாரு. நீ அனுப்பின போட்டோவைக் காட்டினேன். கையாலயே அடிச்சுப் பாத்தாரு. முதல்ல இட்லி மாதிரி வந்துது. கொஞ்சம் கூர்மையா வேணும்னேன். ரெண்டாவது புட்டு மாதிரி வந்துது. "வெள்ளி வீணாப் போகுதுக்கா. எங்கிட்ட மூக்கு அச்சு ஒண்ணு இருக்கு. மேல கூர்ப்பா, ரெண்டு பக்கமும் சரிவா, கீழ ரெண்டு குகையோட இருக்கும். மலைக்குப் பொருத்தம்"னாரு. நீயும் பனியாத்துக்குக் கீழ குகை மாதிரி ஒரு வாய் இருக்கும், அதுல இருந்துதான் தண்ணி வரும்னு சொல்லியிருக்கே. எனக்குச் சரியாத்தான் பட்டுது. மூக்கையே அடிச்சு வாங்கிட்டு வந்தேன்.

கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில கூட்டம் சொல்ல முடியாது. அர்ச்சனைத் தட்டுல உருவை வச்சுக்கிட்டு நின்னேன். பூசாரி, "யார் பேருக்கும்மா?"ன்னாரு. உன் பனியாத்துக்குப் பேரு கிடையாது, நம்பர்தான்னு நீ சொன்ன ஞாபகம். "பதினேழு பி"ன்னேன். "டோக்கன் நம்பர் கேக்கலம்மா, பேரு"ன்னாரு. முழிச்சேன். "நட்சத்திரமாவது சொல்லுங்க"ன்னாரு. அது பிறந்தது எந்த யுகத்துலயோ, யாரு குறிச்சு வச்சா? பின்னால கூட்டம் நெருக்குது. "செல்வமாரி, உத்திரட்டாதி, மீன ராசி"ன்னு உன்னையே சொல்லிட்டேன். தட்டுல இருந்த மூக்கை அவர் ஒரு தடவை பாத்தாரு, "எல்லாம் சரியாப் போகும் தாயி"ன்னு குங்குமத்தைக் கூடவே அள்ளிக் கொடுத்தாரு.

வினை எனக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்துது. மேலத்தெரு பத்திரகாளி மதினி. "செல்வமாரிக்கு மூக்குல என்ன மைனி?"ன்னு கேட்டா. "மூக்கு இல்ல மதினி, மலை"ன்னேன். "மலை அளவுக்கா வந்திருக்கு?"ன்னு நெஞ்சுல கை வச்சுட்டா. நான் பனி உருகுதுன்னு சொல்லச் சொல்ல, "பனியில கெடந்தா உருகி ஒழுகத்தான் செய்யும், நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்லுங்க"ங்கா. சாயங்காலத்துக்குள்ள கழுகுமலை வரைக்கும் சேதி போயிட்டு. உன் சித்திக்காரி போன் பண்ணி, ஆப்பரேஷன் எந்த ஆஸ்பத்திரியிலன்னு கேக்கா.

இன்னொண்ணும் உங்கிட்டச் சொல்லணும், கோவப்படக் கூடாது. புதூர்ப் பக்கம் கம்பு விளைஞ்ச காட்டுல எல்லாம் இப்ப சோலார் கண்ணாடி விளையுதுல்லா, அங்கன இன்ஜினியரா இருக்கிற பையன் ஒருத்தன். கடம்பூர் அமுதவள்ளி அம்மாவோட மகன். நீயும் ஐஸை அழியாமப் பாக்கே, அவனும் புகையில்லாத கரெண்டு செய்யுதான், பொருத்தமாத்தானே இருக்குன்னு சாதகத்தைக் கொடுத்து வச்சிருந்தேன். அந்த அம்மா ஒரு பெட்டி போளியோட வந்து உக்காந்து, அதைச் சொல்லி இதைச் சொல்லி, கடைசியில "பிள்ளையைப் பக்கவாட்டுல எடுத்த போட்டோ ஒண்ணு இருக்கா?"ன்னு கேட்டாவ. நான் பொய் சொல்லுவேனா? மூக்குக்கு ஒரு குறையும் இல்ல, பிள்ளை பாத்துக்கிட்ட பனிமலை சாகக்கெடக்கு, அதுக்குத்தான் நேர்ந்தேன்னு நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவிய போளிப் பெட்டியை லேசா தன் பக்கம் நகத்திக்கிட்டு, "மூக்குன்னாக்கூட வைத்தியம் பாத்துரலாம் மைனி"ன்னு எந்திரிச்சிட்டாவ. உங்கப்பா, "பெட்டியையாவது வச்சிட்டுப் போயிருக்கலாம்"னாவ.

இதெல்லாம் எதுக்கு எழுதுதேன்னா, நேர்ந்தது இப்படிக் கோணலாப் போறதைப் பாத்தா அம்மனே வேண்டாம்னு சொல்லுதா. போதும் தாயி, வந்துரு. பி.எட். விண்ணப்பம் வாங்கி வச்சாச்சு. மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. உலகமே சேர்ந்து உருக்குறதை நீ ஒருத்தி குச்சி நட்டு நிப்பாட்டவா முடியும்? நம்ம கம்பெனியைப் பூட்டின அன்னைக்கு, தொட்டியில மிச்சமிருந்த ஐஸைத் தெருப்பிள்ளைகளுக்குப் பூரா அள்ளிக் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு தின்னோமே. செத்தா போனோம்? அப்படித்தான் இதுவும். கண்ணை மூடிக்கிட்டு ரயிலேறு. இதுதான் என் முடிவு, மாத்தம் கிடையாது.

பூவனநாதரும் செண்பகவல்லித் தாயும் உனக்கு எல்லா நலனும் தந்து, கால் வழுக்காமல் காத்தருள வேண்டும். உன்னோடு சுமை தூக்கும் மலைக்காரப் பிள்ளைகளுக்கும், உன் பேராசிரியருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். இத்துடன் குங்குமம் மடித்து வைத்திருக்கிறேன். அதில் பாதியை அந்தப் பதினேழு பி-க்கும் வைத்துவிட்டு ரயிலேறவும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா,
செ. மாரித்தாய்

பி.கு: உங்கப்பா ரெண்டு வரி எழுதட்டும்னு இங்கன இடம் விட்டு வச்சேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சாவ. "நம்ம கம்பெனியில குச்சி சாஞ்சா என்ன செய்வோம்?"னு கேட்டாவ. "நிமித்தி வைப்போம்"னேன். "பொறவு எதுக்கு அவளை வரச் சொல்லுதே?"ன்னு ஒரு வரிகூட எழுதாம வெளிய போயிட்டாவ. திரும்பி வரும்போது குட்டியானை வண்டியில பந்தல்காரர்கிட்ட வாங்கின மூங்கில் கழி ஒரு கட்டு வந்து இறங்குச்சு. போன தடவை நட்டதைவிட நீளமா நட்டா சாயாதாம். தபாலாபீசுல, "இதுல ஸ்டாம்பை எங்கன ஒட்ட அண்ணாச்சி?"ன்னு கேட்டுத் திருப்பி விட்டுட்டாங்க. ரயிலுக்கு டிக்கெட் போட்டாச்சு. இந்த வேக்காட்டுல ரெண்டு குரங்குத் தொப்பியும் வாங்கியாச்சு, கடைக்காரர் உங்கப்பா நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் கொடுத்தாரு. உரு அதுக்கு, பேரு உனக்குன்னு அம்மன்கிட்டச் சேத்தே பதிஞ்சாச்சு. இனிமே உங்க ரெண்டு பேரையும் தனித்தனியாப் பிரிக்க எனக்கு மனசு வரல. ஆகையால் மேலே எழுதின எதையும் கணக்கில் எடுக்காதே. நீ வர வேண்டாம், நாங்க வாரோம். மகளுக்கு உதவியாப் போறேன்னு உங்கப்பா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாவ. கதவைத் திறந்ததும் முகத்துல அடிக்குமே அந்தக் குளிர், அதுக்குத்தான் போறாவன்னு எனக்குத் தெரியும். நாங்க வந்து சேருத வரைக்கும் அதை உருகாமப் பாத்துக்கோ.