அரைமாத்திரையார்

மருத்துவர் சொன்னதைத் திருத்தாவிட்டால் தூக்கம் வராத ஓர் இனம் உண்டு. அதன் தலைமகன் எங்கள் மாடிவீட்டு அரைமாத்திரையார். அவர் நீட்டினால் புலிகூட மாத்திரையை விழுங்கிவிட்டு நன்றி சொல்லும். சரி, புலி கொஞ்சம் அதிகம்தான். பூனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வீட்டுப் பூனை மகாராணிக்கு முன்னங்காலில் சீழ் வைத்தது. கால்நடை மருத்துவர் சீழை எடுத்துக் கட்டுப்போட்டு, வேளைக்கு ஒரு முழு மாத்திரை, தீரும்வரை நிறுத்தக் கூடாது என்றார். அரைமாத்திரையார் பலமாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்தார்.

"இத்தனூண்டு உடம்புக்கு முழுசு எதுக்கு? டாக்டரம்மா படிச்சது புத்தகம், நான் படிச்சது பூனை!"

பாதியை மீன்துண்டுக்குள் ஒளித்துத் தட்டில் வைத்து, மகாராணி மோந்து பார்த்த மாத்திரத்தில் வேலை முடிந்ததென்று கையைக் கழுவி, செய்தித்தாளை விரித்து, படியேறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரையும் நிறுத்தித் தன் கைப்பக்குவத்தைப் பேசுவார். தட்டு காலி. வேறென்ன சாட்சி வேண்டும்?

கால் மட்டும் வீங்கிக்கொண்டே போனது. "மருந்து மட்டம்," என்று தீர்ப்புச் சொன்னார்.

மருத்துவர் மறுபடி காலைப் பார்த்ததும் முகம் மாறியது. "இன்னும் பரவினா விரலையே எடுக்க வேண்டியிருக்கும். எப்படிக் குடுக்கறீங்க? செஞ்சு காட்டுங்க."

"என்னங்க," என்றார் மனைவி, "அதுக்கு நம்ம நாயைத்தானே கூட்டிட்டு வந்திருக்கணும்?"

"நாய் எதுக்கும்மா?"

"தட்டைக் காலி பண்றது அதுதானே, டாக்டர். பூனை மோந்துட்டுப் போயிடும். சொன்னா, 'உனக்கென்ன தெரியும்'பார்."

மருத்துவர் சிரிக்கவில்லை. முதல் வேலையாக நாயைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். பிறகு மகாராணியைத் துண்டில் சுற்றி, தலையை நிமிர்த்தி, முழு மாத்திரையை நாக்கின் பின்கோடியில் வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவி, ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் காட்டினார். அன்றிலிருந்து கொடுத்தது மனைவி. விரல் பிழைத்தது. "எல்லாம் என் கைராசி!" என்றார் அரைமாத்திரையார்.

சிரிக்கிறீர்களா? உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். உங்கள் நாய் காதை ஆட்டுவதை நிறுத்தியதும் நீங்களும் நிறுத்திவிட்ட காதுச் சொட்டு மருந்து, மூலையில் நின்று உங்களையே பார்க்கும்.

இதை அரைமாத்திரையாருக்கு நான் வாசித்துக் காட்டியபோது அவர் மனைவி பக்கத்தில்தான் இருந்தார்.

"புலியும் இல்ல, பூனையும் இல்ல. இன்னிக்கு வரைக்கும் அவர் கையால மாத்திரை முழுங்கினது நாய் ஒண்ணுதான். அதைத் திருத்தி எழுதுங்க."