சிங்கராசா செத்துப்போன செவ்வாய்க்கிழமை

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் வந்தும் சாலை வந்து சேராத ஒரு காட்டில், மாசிலாமணி என்றொரு தேவாங்கு அரசாங்க வேலை பார்த்து வந்தது. அதன் பொறுப்பில் இருந்தது காட்டின் டேட்டாபேஸ். யார் பிறந்தார், எந்தப் புதரில் குடியிருக்கிறார், எப்போது இறந்தார், எல்லாம் அதற்குள் அடக்கம்.

குளத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றாலும் வாசலில் உள்ள கருவியில் காலை வைக்க வேண்டும். 'உயிருடன் உள்ளார்' என்று அது சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். வேட்டைக்கும் அப்படித்தான். இரையின் பெயரைச் சொல்லிக் கருவியிடம் அனுமதி வாங்கிய பிறகே பாயலாம். சிறுத்தையை அடக்கி வைப்பதற்காகச் சிங்கராசா அரிமாவளவன் தானே கர்ஜித்துப் போட்ட சட்டம் அது.

பழைய டேட்டாபேஸ் பரம சாது. கட்டத்தைக் காலியாக விட்டால் ஏன் என்று கேட்காது. ஆனால் பக்கத்துக் காட்டில் புதியதற்கு மாறிவிட்டார்களாம். கேள்விப்பட்டதும் சிங்கத்துக்கு இறைச்சி இறங்கவில்லை. "செவ்வாய்க்கிழமை திறப்பு விழா. பொத்தானை நான் அழுத்துவேன்" என்று அறிவித்துவிட்டது.

செயலாளர் நரி மாசிலாமணியைக் கூப்பிட்டது. "இந்தக் குடத்துத் தண்ணிய அந்தக் குடத்துல ஊத்துற வேலை. இதுல என்னய்யா கஷ்டம்?"

"அந்தக் குடத்துக்கு வாய் வேற மாதிரிங்க ஐயா" என்றது மாசிலாமணி.

வேறு மாதிரிதான். ஊற்றிய பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாகப் போய் விழுந்தன. அதைச் சரிசெய்தால், யானையின் நீளப் பெயர் வால் அறுந்து நின்றது. அதையும் ஒட்டவைத்துவிட்டு மூச்சுவிடும்போது 'இறந்த தேதி' வந்து முட்டியது. உயிரோடு இருப்பவர்களுக்கு அந்தக் கட்டம் காலி. புதிய டேட்டாபேஸ், காலியாக எதையும் வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டது.

"அதோட விதியைத் திருத்தணுங்க ஐயா. ரெண்டு நாள் கொடுங்க."

"விழா நாளைக்கு. ஏதாவது ஒரு தேதியப் போட்டு ரொப்பும்."

"இறந்த தேதிங்க ஐயா..."

"எல்லாருக்கும் ஒரே தேதியாப் போடும். பாரபட்சம்னு ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. அப்புறம், பழசை அழிச்சிடும். இடத்தை அடைக்குது."

மாசிலாமணி நிரப்பியது. கட்டம் காலியாக இருந்த எல்லோருக்கும் செவ்வாய்க்கிழமை தேதி. 'பிழை ஏதுமில்லை' என்றது கணினி. மயில் ஆடியது, சிங்கம் பொத்தானை அழுத்தியது, விழா அமோகமாக முடிந்தது.

மறுநாள் காலை குளத்து வாசலில் குரங்கு கால் வைத்தது. "இறந்தவர்களுக்குத் தண்ணீர் கிடையாது" என்றது கருவி. முயலுக்கும் அதே பதில். காவலுக்கு நின்ற காட்டுப்பன்றி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தன் காலை வைத்துப் பார்த்தது. அதுவும் செத்திருந்தது.

"செத்தவனுக்கு என்னடா டியூட்டி?" தொப்பியைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டுப் பன்றிதான் முதலில் குளத்தில் இறங்கியது. பின்னாலேயே மொத்தக் காடும் இறங்கியது.

உச்சிவேளையில் சிங்கம் பசியோடு வந்தது. செண்பகம் என்ற புள்ளிமானின் பெயரைச் சொன்னது. 'ஏற்கெனவே இறந்தவர். மீண்டும் கொல்ல அனுமதி இல்லை.' வேறு மான், வேறு முயல். எல்லாம் ஏற்கெனவே இறந்தவை. கடுப்பில் தன் பெயரையே சொல்லிப் பார்த்தது. 'செவ்வாய்க்கிழமை காலமானார். ஆழ்ந்த இரங்கல்.'

சட்டமாவது மண்ணாவது என்று சிங்கம் பாய்வதற்குப் பதுங்கியது. காலையிலேயே இதே பதிலைக் கேட்டுவிட்டு மரத்தின் மேல் பட்டினியாக இருந்த சிறுத்தை குரல் கொடுத்தது. "பாயுங்க மகாராசா. உங்களுக்கு இல்லாத சட்டம் எனக்கு மட்டும் எதுக்கு?"

சிங்கம் காலை மடக்கிக்கொண்டு நேராக அலுவலகத்துக்கு வந்தது. "என்னை இப்பவே உயிரோட கொண்டு வா!"

மாசிலாமணி விதிப்புத்தகத்தைப் புரட்டியது. "உயிரோட இருக்கிற ஒருத்தர் கையெழுத்துப் போட்டா சான்றிதழ் தரலாம் மகாராசா."

டேட்டாபேஸில் தேடிப் பார்த்தார்கள். காட்டிலேயே உயிரோடு இருந்தது ஒருவர்தான், எருமை சடையப்பர். அவர் செத்து நாளாகிறது. அவர் இறந்த ஆண்டை யாரோ தவறாக அடித்ததில், அவருக்குச் சாவு வர இன்னும் அறுபது வருஷம் இருந்தது. அவர் மண்டையோடு குளக்கரையில் கிடந்தது. அதற்குள் ஒரு தவளை குடியிருந்தது.

"பழைய டேட்டாபேஸ் எங்கே? அதைத் திருப்பி வை!" என்று உறுமியது சிங்கம்.

பழையதற்கு ஒரு நகல் இருந்தது. வேலை தெரிந்த யாரும் நகல் எடுக்காமல் கை வைக்க மாட்டார்கள். அப்போது மாசிலாமணி அந்த நகல் இருந்த பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தது.

காலையில் செண்பகம் வந்து சன்னலோரம் சொல்லிவிட்டுப் போன பேச்சு நினைவுக்கு வந்தது. "அண்ணே, எம்புள்ள இன்னிக்குத்தாண்ணே தலையத் தூக்கித் தூக்கிப் பாக்காம வயிறாரப் புல்லு தின்னுச்சு." எட்டிப் பார்த்தால், அந்தக் குட்டி வெட்டவெளியில் நாலு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

"அழிச்சாச்சு மகாராசா" என்றது மாசிலாமணி. "இடத்தை அடைக்குதுன்னு செயலாளர் ஐயா உத்தரவு."

சிங்கம் நரியைப் பார்த்தது. நரி கைகட்டிச் சொன்னது: "ஆமாங்க. ஆனா நான் செத்துட்டேனே மகாராசா. செத்தவன விசாரிக்க விதியில இடமில்லையே."

பசி பொறுக்காமல் சிங்கம் பக்கத்துக் காட்டுக்குக் கிளம்பியது. இரை இல்லாத ஊரில் நமக்கென்ன வேலை என்று சிறுத்தையும் பின்னால் போயிற்று. எல்லையில் இருவரையும் ஆவிகளுக்கான வரிசையில் நிற்க வைத்தார்களாம்.

வருஷக் கடைசியில் ஆய்வுக்கு வந்த கொக்குகள் புள்ளிவிவரத்தைப் பார்த்து அசந்துபோயின. புது டேட்டாபேஸ் வந்த மறுநாளிலிருந்து அந்தக் காட்டில் ஒரு சாவுகூடப் பதிவாகவில்லை! சிறந்த நிர்வாகத்துக்கான கேடயத்தை, உயிரோடு இருக்கும் ஒரே குடிமகனான சடையப்பரின் கொம்பில் மாட்டினார்கள். தவளை வெளியே வந்து நன்றியுரை ஆற்றியது.

நீதி: தரவை இடம் மாற்றும் முன் மறக்காமல் நகல் எடுத்து வை, எடுத்ததை எக்காரணம் கொண்டும் மேலதிகாரியிடம் சொல்லாதே.